குதிரை மேல் எழுத முடியாது: மங்கோலியச் சவாரிக்குப் போகும் எழுத்தாளருக்கு ஒரு முழு வழிகாட்டி

குதிரைப் பயணம் எழுத்துக்கு நல்லது என்பவர்கள் இயற்கை, சுதந்திரம், தனிமை என்று மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த மூன்றும் பேருந்தின் ஜன்னலோரத்திலும் கிடைக்கும். குதிரை தருவது வேறு. இடக்கையில் கடிவாள வார் இருக்கிறது. வலக்கை எந்த நொடியில் தேவைப்படும் என்று தெரியாது. நோட்டைத் திறக்க முடியாது, போனை எடுத்துப் படம் பிடிக்கவும் முடியாது. தரையிலிருந்து சுமார் இரண்டு மீட்டர் உயரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில், நாலைந்து மணி நேரம் பார்த்தபடி போகிறீர்கள். பார்த்ததை அடுத்த நிறுத்தம் வரை மனத்திலேயே சுமக்க வேண்டியிருக்கிறது. அப்படிச் சுமக்கும்போது பாதி உதிர்ந்துவிடும். மீதிதான் எழுதத் தக்கது. இந்த வழிகாட்டியில் உள்ள முறை முழுதும் இதைச் சுற்றித்தான்.

எந்த ஊரிலும் குதிரை ஏறலாம் என்றாலும், ஒரு வாரம் தொடர்ந்து சவாரி செய்து எழுத மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கை இங்கே எடுத்துக்கொள்கிறோம். வேலிகள் மிகக் குறைவு. குதிரை அங்கே சுற்றுலாப் பொருளாக வைக்கப்பட்டதல்ல, வீட்டுக்கு வீடு வேலை செய்யும் விலங்கு. தலைநகர் உலான்பாத்தரிலிருந்து சுமார் 360 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கார்கோரின் வரை நல்ல சாலை இருக்கிறது. பழைய மங்கோலியப் பேரரசின் தலைநகரான காரகோரமும், 1586-இல் தொடங்கப்பட்ட எர்தென் ஸூ மடாலயமும் அங்கேதான். அங்கிருந்து ஜீப்பில் ஓர்கோன் அருவிப் பக்கம் போய், குதிரைக்கு மாறி, எரிமலைக் குழம்பு அடைத்து உண்டான நைமன் நூர் ஏரிகளுக்கு ஏறுவது பலரும் எடுக்கும் வழி. கடைசிப் பகுதியில் வண்டி சரியாகப் போகாது என்பதால் குதிரைக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஜூன் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் கடைசி வரை போகலாம். பகலில் 20 முதல் 25 டிகிரி இருந்தாலும், ஏரிப்பக்கம் இரவில் 5 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம்.

புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பு: உடம்பு

முதல் படி சவாரிப் பள்ளி. 45 நிமிட வகுப்பாகப் பத்துப் பதினைந்து வகுப்புகளாவது தேவை. இதில் எழுத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தொடக்கத்தில் உங்கள் கவனம் முழுவதும் குதிகால் கீழே இருக்கிறதா, முதுகு நிமிர்ந்திருக்கிறதா என்பதிலேயே செலவாகிவிடும். விழுந்துவிடுவோமோ என்று பயந்துகொண்டிருப்பவரின் குறிப்பேட்டில் குதிரையின் பிடரியைத் தவிர ஒன்றும் இருக்காது. ட்ராட் என்ற குலுக்கும் ஓட்டத்தை உடம்பு தானாகச் சமாளிக்கத் தொடங்கிய பிறகுதான் கண் நிமிர்ந்து சுற்றிலும் பார்க்கும். வாக் (நடை), ட்ராட், கேன்டர் (தாவும் ஓட்டம்) மூன்றிலும் நிலையாக உட்காரவும், நினைத்த இடத்தில் நிறுத்தவும், தனியாக ஏறி இறங்கவும் தெரிந்தால் போதும். தாண்டிக் குதிக்கும் பயிற்சி வேண்டாம்.

நம் ஊர்ப் பள்ளியில் கற்றதற்கும் அங்கே நடப்பதற்கும் சில வேறுபாடுகள் உண்டு. பள்ளியில் உயரமான பந்தயக் குதிரை வகையில் ஏற்றுவார்கள். மங்கோலியக் குதிரை 12 முதல் 14 கை உயரம்தான், அதாவது தோள்மட்டத்தில் 122 முதல் 142 சென்டிமீட்டர். நம் கணக்கில் மட்டக்குதிரை. ஆனால் அதை மட்டக்குதிரை என்று எண்ணி ஏறினால் ஏமாறுவீர்கள். வலுவானது, பாதி காட்டுத்தனம் கொண்டது, அதன் ட்ராட் குட்டையாகவும் வேகமாகவும் இருந்து முதுகெலும்பை உலுக்கிவிடும். அங்கத்தியவர்கள் அந்த நேரத்தில் அங்கவடியில், அதாவது கால் வைக்கும் வளையத்தில், எழுந்து நின்றுகொள்கிறார்கள். கடிவாள வாரை ஒரே கையில் பிடித்து, கழுத்தின் மேல் சாய்த்துத்தான் திருப்புகிறார்கள். கிளப்ப "ச்சூ" என்று ஒரு சொல் போதும்.

அங்கவடியின் நீளத்தை ஏறுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். விரல்நுனியை அங்கவடி வார் சேணத்தில் தொடங்கும் இடத்தில் வைத்துக் கையை நீட்டினால் அங்கவடி அக்குளைத் தொட வேண்டும். குட்டையாக இருந்தால் இரண்டாம் மணி நேரத்தில் முழங்கால் வலிக்கும், மூன்றாம் மணி நேரத்தில் வேறெதையும் கவனிக்க மாட்டீர்கள்.

எடை விஷயத்தைக் கூச்சப்படாமல் முன்பே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் 85 முதல் 95 கிலோ வரைதான் ஏற்றுவார்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் இருக்கும். பயணக் காப்பீட்டில் குதிரைச் சவாரி என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சும்மா சாகசம் என்று மட்டும் இருந்தால் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

மூட்டை கட்ட வேண்டியவை

ஹெல்மெட் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஏஎஸ்டிஎம் எஃப்1163 என்ற முத்திரை இருந்தால் அது சவாரிக்கானது. பைக் ஹெல்மெட் இதற்கு ஆகாது. காலணிக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குதி வேண்டும், அடிப்பாகம் வழவழப்பாக இருக்க வேண்டும். மலையேற்றப் பூட்ஸின் தடித்த விளிம்பு அங்கவடியில் மாட்டிக்கொண்டால், விழும்போது குதிரை உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். காலணிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிற அங்கவடியைக் கேட்டு வாங்குங்கள். ஜீன்ஸ் போடாதீர்கள். தொடையின் உட்பக்கத் தையல் முதல் நாளே தோலை உரித்துவிடும்.

எழுதும் சாமான்களில் ஆடம்பரம் வேண்டாம். ஏ6 அளவில் தடித்த அட்டை நோட்டு இரண்டு. 2பி பென்சில் மூன்று, ஒரு ஷார்ப்னர். மழையில் பேனா மை கரையும், குளிரில் எழுத மறுக்கும். பென்சிலுக்கு இரண்டு தொல்லையும் இல்லை. ஒரு பென்சிலை அரை மீட்டர் நூலால் நோட்டோடு கட்டிவிடுங்கள், புல்லில் விழுந்த பென்சில் கிடைக்காது. மாலையில் விரித்து எழுத ஒரு பெரிய நோட்டு மூட்டையில் இருக்கட்டும். சின்ன நோட்டும் போனும் மட்டும் உங்கள் உடம்போடு, மார்புப் பையில், ஜிப் உறைக்குள். சேணப்பையில் வைக்கக் கூடாது. நீங்கள் விழுந்து குதிரை ஓடினால் நோட்டும் அதோடு ஓடிவிடும். இடுப்புப் பையும் வேண்டாம், விழும்போது கடினமான பொருளின் மேல் இடுப்பு மோதும்.

சலசலக்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டைக் குதிரை மேல் உட்கார்ந்தபடி மாட்டவோ கழற்றவோ செய்யாதீர்கள். மங்கோலியச் சவாரி விபத்துகளில் திரும்பத் திரும்பக் கேட்கிற காரணம் இது. மேகம் கறுத்தால் இறங்கி மாட்டிக்கொண்டு ஏறுங்கள். நோட்டின் தாள் பறப்பதும் அதே வகைதான். குதிரைக்குக் கிட்டத்தட்ட 350 டிகிரிப் பார்வை உண்டு. பின்னால் நீங்கள் படபடவென்று பக்கம் புரட்டுவது அதற்குத் தெரியும், ஆனால் என்னவென்று புரியாது.

ஒரு நாள், ஐந்து நிறுத்தம்

நாளுக்கு 20 முதல் 30 கிலோமீட்டர், நாலு முதல் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் இயல்பாகவே ஐந்து இடங்களில் கால் தரையில் படும். அந்த ஐந்தும்தான் எழுதும் நேரம்.

முதலாவது, புறப்பட்டு 15, 20 நிமிடத்தில். சேணத்தை வயிற்றோடு பிணைக்கும் வாரை இறுக்கும்போது குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். கொஞ்ச தூரம் நடந்ததும் மூச்சு இறங்கி வார் தளரும். அதைச் சரிபார்க்காமல் விட்டால் ஏற்றத்தில் சேணம் பக்கவாட்டில் சுழலும். வழிகாட்டி வந்து மறுபடி இறுக்குவார். சேணத்தின் ஓரத்தைத் தூக்கி, பல்லால் வார்நுனியைக் கடித்துக்கொண்டு, முழங்காலைக் குதிரையின் விலாவில் ஊன்றி ஓர் இழுப்பு. குதிரை காதைப் பின்னால் மடக்கி ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். இந்த நிறுத்தத்தில் எழுத வேண்டியது தகவல் மட்டும்: தேதி, புறப்பட்ட நேரம், காற்று எந்தப் பக்கம், உங்கள் குதிரையின் நிறம். அங்கே குதிரையைப் பெயர் வைத்து அழைப்பது அரிது, நிறத்தைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள். நீங்களும் பெயர் வைக்காமல் நிறத்தை உற்றுப் பாருங்கள். பழுப்பு என்று எழுதிவிட்டு நிறுத்தாமல், காபித்தூளின் பழுப்பா, ஊறிய புளியின் பழுப்பா, வயிற்றடியில் வெளுக்கிறதா, பிடரியில் கறுக்கிறதா என்று தேடினால் ஒரு வாரத்தில் கண் பழகிவிடும்.

அடுத்த மூன்று நிறுத்தங்கள் ஆற்றங்கரை, மதிய உணவு, பிற்பகல் ஓய்வு. ஒவ்வொன்றுக்கும் இடையில் மனத்துக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்துச் சுமந்து வருவது. இரண்டு வேண்டாம். அதற்கு மூன்று கொக்கிகள் மாட்டுங்கள். ஓர் ஒலி, ஓர் அசைவு, ஓர் அளவு. ஓர் ஆற்றைக் கடந்தீர்கள் என்றால் "அழகான ஆறு, தெளிந்த நீர்" என்பது பத்து நிமிடத்தில் ஆவியாகிவிடும். "கல்லில் குளம்பு வழுக்கிய சத்தம், காது இரண்டும் முன்னால் குத்திட்டன, தண்ணீர் அங்கவடியின் அடிவரை" என்பது ஒரு மணி நேரம் தாங்கும். மனத்தில் அதை ஒரு வாக்கியமாகக் கட்டி நாலைந்து முறை சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சொல் விழும், ஒரு சொல் மாறும். இறங்கியதும் கடைசியாக நின்றதை எழுதுங்கள். ஐந்து வரிக்கு மேல் போகாதீர்கள்.

இதில் ஒரு பாதுகாப்பு விஷயம். குதிரையை வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு எழுதுங்கள். பிடிகயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டோ மணிக்கட்டில் மாட்டிக்கொண்டோ உட்கார்ந்து எழுதுவது விரலை இழக்கும் வழி. ஆற்றில் நிற்கும்போது குதிரை முன்காலால் தண்ணீரை அடிக்கத் தொடங்கினால் ரசிக்காதீர்கள், அது படுத்து உருளப் போகிறது, உடனே கிளப்பிவிடுங்கள்.

ஐந்தாவது நிறுத்தம் முகாம். சேணம் இறக்கி, தேநீர் குடித்த பிறகு, சின்ன நோட்டை வைத்துக்கொண்டு பெரிய நோட்டில் 40 நிமிடம். ஜூலையில் இரவு எட்டரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும், டார்ச் வேண்டாம். இடப்பக்கத்தில் தகவல், வலப்பக்கத்தில் வாக்கியம். அன்றைய ஐந்து குறிப்புகளில் ஒன்றை மட்டும் ஒரு பக்கத்துக்கு விரியுங்கள். மற்றவை அப்படியே கிடக்கட்டும். எல்லாவற்றையும் விரிக்க உட்கார்ந்தால் இரண்டாம் நாளே கைவிட்டுவிடுவீர்கள்.

நடையும் தாளமும்

குதிரையின் நடைகளைக் காதால் பிரிக்கக் கற்றுக்கொண்டால் சவாரியும் சீராகும், வாக்கியமும் சீராகும். வாக் நாலு அடி: தகதிமி, தகதிமி. ட்ராட் இரண்டடி, குறுக்குக் கால்கள் ஜோடியாக விழும்: தக, தக. முதல் எழுத்தில் எழுந்து இரண்டாவதில் உட்கார்ந்தால் அதுதான் பள்ளியில் சொல்லித்தரும் எழுந்தமரும் ட்ராட். கேன்டர் மூன்றடி, அதன் பிறகு நாலு காலும் தரையில் இல்லாத ஒரு சின்ன இடைவெளி: தகிட, ஒரு மௌனம், தகிட. நாலுகால் பாய்ச்சலில் மறுபடி நாலடி, ஆனால் நெருக்கமாக, கடைசியில் ஒரு தொங்கல்.

மாலையில் ஒரு பயிற்சி. ஒரே காட்சியை மூன்று விதமாக எழுதுங்கள். நிதானமாக அடுத்தடுத்து வினையெச்சம் போட்டு நீளும் வாக்கியத்தில் ஒன்று. இரண்டு சீராக வெட்டிய வாக்கியங்களில் ஒன்று. மூன்று சொல், ஒரு நிறுத்தம், மூன்று சொல் என்று ஒன்று. இது பயிற்சிக்கு மட்டும். அச்சுக்குப் போகும் கதையில் குதிரை ஓடும் இடமெல்லாம் வாக்கியத்தையும் ஓடவிட்டால் வாசகர் இரண்டாம் பக்கத்திலேயே தந்திரத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

கூடாரத்தில்

நாடோடிக் குடும்பங்களின் வட்டக் கூடாரத்துக்குப் பெயர் கெர். வாசல் தெற்கே பார்த்திருக்கும். நெருங்கும்போது "நொஹோய் ஹோர்" என்று குரல் கொடுக்க வேண்டும், நாயைப் பிடியுங்கள் என்று அர்த்தம். நாய் இல்லாத வீட்டிலும் அதுவே அழைப்பு மணி. வாசற்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போங்கள். தருவதை வலக்கையால் வாங்குங்கள். உப்புப் போட்ட பால் தேநீர் வரும். கோடையில் ஐராக் வரும், புளிக்கவைத்த குதிரைப்பால், லேசான போதை. பிடிக்காவிட்டாலும் உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

இங்கேதான் பல பயணக் கட்டுரைகள் கெடுகின்றன. "உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது?" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்று பதில் வரும், அதை வைத்துக்கொண்டு எளிய மனிதர்களின் நிறைவு என்று எழுதிவிடுவார்கள். கையில் பிடித்துக் காட்டக்கூடியதைக் கேளுங்கள். இந்தச் சேணத்தை யார் செய்தது? இந்தக் கயிறு எதன் மயிரில் திரித்தது? கடைசிக் குளிர்காலத்தில் எத்தனை போயின? கடைசிக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. ட்ஸுத் என்ற கொடுங்குளிர் அந்நாட்டில் அடிக்கடி வருவது; 2009-10 குளிர்காலத்தில் மட்டும் 80 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் செத்தன. பதிலை மொழிபெயர்ப்பாளர் சொன்ன உடைந்த சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்தில் பேசியவரின் கை என்ன செய்துகொண்டிருந்தது என்றும் எழுதுங்கள். வழவழப்பாக்கும் வேலையை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அது தேவைப்படாது.

எங்கே கெடும், ஏன்

மூன்றாம் நாள் எழுத்து நின்றுவிடும். இது மனச்சோர்வு என்று பலர் நினைக்கிறார்கள், தசைவலி. புதிய உழைப்பால் வரும் வலி 24 மணி முதல் 72 மணிக்குள் உச்சத்தைத் தொடும். அந்த நாளுக்கு முன்பே திட்டமிட்டு, நிறுத்தத்துக்கு ஒரு வரி என்று குறைத்துக்கொள்ளுங்கள். நாலாம் நாள் தானாகத் திரும்பிவிடும். வலியைப் பற்றி நாளுக்கு ஒரு வரிதான் என்று ஒரு கட்டுப்பாடும் வேண்டும். இல்லாவிட்டால் நோட்டு முழுக்கத் தொடையும் இடுப்பும்தான்.

முதல் இரண்டு நாளின் நோய் அஞ்சலட்டை வாக்கியம். பரந்து விரிந்த, எல்லையற்ற, கண்ணுக்கெட்டிய தூரம் வரை, பச்சைக் கம்பளம் ஆகிய நாலையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடித்துவிடுங்கள். தூரத்தைச் சொல்ல வழியில்லாமல் திண்டாடுவீர்கள், அப்போதுதான் வழி பிறக்கும். 1253 முதல் 1255 வரை இதே நிலத்துக்குக் குதிரையில் வந்துபோன ரூப்ருக் ஊர் வில்லியம் என்ற பிரான்சிஸ்கன் துறவி, தன் பயணத்தைப் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயிக்கு ஒரு கடிதமாக எழுதினார். ஒரு நாளில் எவ்வளவு போனோம் என்று சொல்ல, பாரிஸிலிருந்து ஓர்லியான் வரையுள்ள தூரம் என்று எழுதுகிறார். அரசருக்குத் தெரிந்த அளவுகோல் அது. நாம் சென்னையிலிருந்து திண்டிவனம் என்போம். தான் கனத்த ஆள் என்பதால் எப்போதும் வலுவான குதிரையைக் கொடுத்தார்கள், அது சுகமாகப் போகுமா உலுக்குமா என்று கேட்கத் துணிவில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஒரே மனிதருக்கு எழுதினால் இப்படிப்பட்ட விவரம் தானாக வரும். உங்கள் மாலைக் குறிப்பையும் தெரிந்த ஒருவரை விளித்து எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று: பழக்கத்தில் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு வீட்டில் தமிழாக்குவது. வேண்டாம். வாசனையும் நிறமும் முதல் தடவை எந்த மொழியில் விழுகிறதோ அதிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

சரித்திரக் கதை எழுதுபவர்களுக்கு

குதிரை ஏறியவர் எழுதிய கதைக்கும் ஏறாதவர் எழுதிய கதைக்கும் வித்தியாசம் சில கணக்குகளில் தெரிந்துவிடும். முழுப் பாய்ச்சலில் ஒரு குதிரை சில கிலோமீட்டர்தான் ஓடும். இரவு முழுவதும் பாய்ந்து வந்த குதிரை காலையில் வீரனோடு சேர்ந்து கனைக்காது, வழியிலேயே விழுந்திருக்கும். ஒரே குதிரையில் நாள்தோறும் 40, 50 கிலோமீட்டர் என்றால் நல்ல பயணம். தஞ்சாவூரிலிருந்து மதுரை இன்றைய சாலையில் சுமார் 190 கிலோமீட்டர், ஆக நாலு நாள். ஒரே இரவில் போக வேண்டுமென்றால் கதையில் இடையிடையே புதுக்குதிரை காத்திருக்க வேண்டும். மங்கோலியரின் அஞ்சல் நிலையங்கள் செய்தது அதைத்தான்.

குதிரைக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 45 லிட்டர் தண்ணீர் வேண்டும், வெயிலில் இன்னும் கூடும். உங்கள் நாயகன் எங்கே தண்ணீர் காட்டினான்? குதிரைகள் பெரும்பாலும் மௌனமானவை. கனைப்பது கூட்டத்தைப் பிரியும்போதும் திரும்பச் சேரும்போதும்தான் அதிகம். மற்ற நேரத்தில் காதைப் பாருங்கள். ஒவ்வொரு காதும் தனியாகத் திரும்பும். பின்னால் யாரோ வருவதை வீரனுக்கு முன்பே காது சொல்லிவிடும். பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரைகள் கடல் வழியாக வந்து இறங்கியதை மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். நம் வெக்கையில், சரியான பராமரிப்பில்லாமல் அவை நிறையச் செத்தன என்பதும் அவர் சொன்னதே. இதற்குள் எத்தனையோ கதைகள் இருக்கின்றன, யாரும் லாயக்காரனின் பக்கம் நின்று எழுதுவதில்லை.

வீடு திரும்பிய பின்

முதல் வாரத்தில் இரண்டு வேலை மட்டும். சின்ன நோட்டுப் பக்கங்களைப் போட்டோ எடுத்துச் சேமியுங்கள், பென்சில் எழுத்து உரசி அழியும். ஒவ்வொரு குறிப்புக்கும் எண் கொடுங்கள். ஒரு வாரச் சவாரிக்கு முப்பத்தைந்து குறிப்பு வரை இருக்கும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் நோட்டைத் திறக்காமல், பார்க்காமலே நினைவுக்கு வருகிறவற்றை ஒரு தாளில் பட்டியலிடுங்கள். பத்துப் பன்னிரண்டு வரும். அவற்றிலிருந்து தொடங்குங்கள். பயணக் கட்டுரையானால் முதல் நாளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். விமான நிலையம் யாருக்கும் வேண்டாம். வார் இறுக்கும் காட்சி, ஆறு, கூடாரம் என்று மூன்று இடங்களை எடுத்து ஒவ்வொன்றிலும் நின்று எழுதினால் 1500 சொல் தாராளமாக வரும். கவிதைக்கு ஒரு குறிப்பு போதும். சிறுகதைக்கு மங்கோலியாவே தேவையில்லாமல் போகலாம். அந்த முழங்கால் ஊன்றலும் காது மடங்கலும் அந்தியூர் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையில் நடக்கும் ஒரு கதைக்குள் அப்படியே பொருந்தும்.

பத்திரிகைக்கு அனுப்புமுன், குதிரையோடு புழங்கும் ஒருவரிடம் பக்கங்களைக் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்: குதிரை செய்ய முடியாத எதையாவது செய்கிறதா, சேணப் பொருள்களின் பெயர் சரியா, தூரமும் நேரமும் ஒத்துப்போகிறதா. கெரில் உங்களைத் தங்கவைத்தவர்களின் பெயரையும் முகாம் இருந்த இடத்தையும் அவர்கள் அனுமதியில்லாமல் அச்சிடாதீர்கள். போட்டோ அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தால் அச்சுப்போட்டு வழிகாட்டி வழியாக அனுப்பிவிடுங்கள். அடுத்த கோடையில் அதே வழியில் போகும் இன்னொருவருக்கு அந்த வீட்டில் கிடைக்கும் தேநீர் அதைப் பொறுத்தது.